ஒன்பதாவது இடம் என்றாவது சொல்லுங்கள்

விமானி தேர்வுப் பிரிவின் தலைவர் அவர்களுக்கு,



மம்சாபுரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கே இருக்கிறது என்று நேர்முகத்தில் நீங்கள் கேட்ட அதே மம்சாபுரம்தான்: விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும் பக்கமாக, மலையை ஒட்டிக் கிடக்கும் பேரூர். உங்கள் நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால் அடுத்த முறை விண்ணப்பமே எடுக்க மாட்டார்களோ என்ற பயம் கொஞ்சம் உண்டு. அதோடு, அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் மடல் அப்படியே பொருந்தும் என்று என்னோடு பயிற்சி முடித்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இதைப் படிக்கிற எந்தத் தேர்வுப் பிரிவும் தனக்கு வந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் என்னை எடுக்கவில்லை. அது உங்கள் உரிமை. இடம் கொஞ்சம், வருகிறவர்கள் அதிகம் என்றால் பெரும்பாலானவர்கள் திரும்பித்தான் போக வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. என் குறை அது ஒன்றுதான்.

உங்கள் தேர்வு எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் தாள்களைப் பார்த்தார்கள். சி.பி.எல். என்று நாங்கள் சொல்கிற வணிக விமானி உரிமம், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் முதல் வகுப்பு மருத்துவச் சான்று, வானொலி உரிமம், ஆங்கிலத் திறன் சான்று, 200 மணி நேரம் பறந்ததற்கு அத்தாட்சியான லாக்புக். அடுத்து எழுத்துத் தேர்வு. அதைத் தாண்டியவர்களைக் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். கையில் ஜாய்ஸ்டிக். திரையில் நழுவிக்கொண்டே இருக்கும் புள்ளியை வட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் ஹெட்போனில் எண்கள் வரும்; கேட்டதை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். திரையின் ஓரத்தில் கூட்டல் கழித்தல் ஓடும். ஒன்றில் கவனம் வைத்தால் இன்னொன்று கைவிட்டுப் போகும், வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

நல்ல சோதனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் உளவியலாளர்கள் விமானிகளாக வந்த இளைஞர்களை இந்த மாதிரிச் சோதனைகளில் உட்காரவைத்து, ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போட்டார்கள். ஒன்று, இரண்டு வாங்கியவர்களில் பெரும்பகுதி பறக்கும் பயிற்சியில் தேறவில்லை. எட்டு, ஒன்பது வாங்கியவர்களில் பெரும்பகுதி தேறினார்கள். வேலை செய்கிற சோதனை என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு எத்தனை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு குணநலன் கேள்வித்தாள், குழுவாகச் செய்யும் ஒரு வேலை, கடைசியாக நேர்முகம். நேர்முகத்தில் மலைக்காற்று பற்றிக் கேட்டீர்கள். புத்தகத்தில் படித்ததைச் சொல்லாமல் ஊரில் பார்த்ததைச் சொன்னேன். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். எங்கள் பக்கம் காற்றுதான் இறங்கி வரும். முகட்டின் மேல் தொப்பி வைத்த மாதிரி ஒரு மேகம் அசையாமல் நிற்கும். அந்த மேகம் நின்றால் மலைக்கு இந்தப் பக்கம் காற்று கீழ்நோக்கி அழுத்தும், சின்ன விமானம் அங்கே உயரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றேன். குழுவில் ஒருவர் சிரித்தார். அது பாராட்டா, கிண்டலா? இன்றுவரை தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்தச் சிரிப்புக்கு ஒரு விளக்கம் இருக்கிறது.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை உங்கள் விண்ணப்பத்தை மேலே கொண்டுசெல்ல இயலவில்லை, குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம், இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஐயா, நீங்கள் நடத்துவது விமானத் தொழில். நடந்ததை நடந்த மாதிரியே எடுத்து வைத்துப் பேசாமல் இந்தத் தொழிலில் ஒரு நாள் கழியாது. பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு முறை இறங்கியதும் ஆசிரியர் வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி டீப்ரீஃப் நடத்துவார். எந்த இடத்தில் வேகம் குறைந்தது, எங்கே காற்றுக்குத் திருத்தம் போதவில்லை, ரேடியோவில் எதைச் சொல்லாமல் விட்டாய் என்று வரிசையாக வரும். அதைப் பயிற்சிப் பதிவேட்டில் எழுதி, கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்குவார். திட்டு வாங்கிய நாளிலும் எதற்குத் திட்டு என்று தெரிந்துகொண்டுதான் மெஸ்ஸுக்குப் போவோம். உங்கள் விமானங்களிலும் அப்படித்தானே? கொஞ்சம் அழுத்தமாக இறங்கினால்கூடப் பதிவுக்கருவியிலிருந்து தரவை எடுத்துப் பார்த்து விமானியைக் கூப்பிட்டுப் பேசுகிறீர்கள். விபத்து நடந்தால் சர்வதேச விதியின் 13ஆம் இணைப்புப்படி 30 நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை வர வேண்டும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட அந்த விபத்துக்கும் ஒரு மாதத்தில் வந்தது. எவ்வளவு பெரிய துயரமாக இருந்தாலும் காரணத்தைத் தேடி எழுதி வைக்கிற தொழில், தன் வாசலில் நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் வாய் திறப்பதில்லை.

ஊரில் ஆறுதல் சொல்ல வருகிற எல்லோரும் அப்துல் கலாமைத்தான் இழுக்கிறார்கள். "கலாமுக்கே பைலட் வேலை கிடைக்கல தாயி, அவர் ஜனாதிபதியே ஆகலையா?" நல்ல மனதோடு சொல்வதுதான், கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு விவரம் இருக்கிறது. டேராடூனில் நடந்த விமானப் படைத் தேர்வில் உட்கார்ந்தவர்கள் 25 பேர். எடுத்தது 8 பேரை. கலாம் வந்தது ஒன்பதாவதாக. அதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்குத் தன் இடம் தெரிந்திருந்தது! ஒரே ஒரு படி என்று தெரிந்து வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தோடு ரிஷிகேஷ் போனார், பிறகு டெல்லியில் வேறு வேலையில் சேர்ந்தார். 2006இல் குடியரசுத் தலைவராக சுகோய் போர் விமானத்தில் இணை விமானி இருக்கையில் ஏறினார். நான் ஒன்பதாவதா, தொண்ணூறாவதா? ஒன்பது என்றால் அடுத்த முறைக்குத் தயாராவேன். தொண்ணூறு என்றால் வேறு வேலை தேடுவேன். இரண்டும் வெவ்வேறு வாழ்க்கை. எது என் வாழ்க்கை என்று சொல்லக்கூடிய தாள் உங்கள் அலுவலகத்துக் கோப்பில் கிடக்கிறது.

விமானப் படையின் விதி உங்களுடையதைவிடக் கடுமை. அங்கே கணினியில் நடக்கும் விமானி தேர்வில் தோற்றால் ஆயுளுக்கும் மறுவாய்ப்பு இல்லை. அங்கேயும் விளக்கமாகக் காரணம் சொல்வதில்லைதான். ஆனாலும் எந்தக் கட்டத்தில் விழுந்தோம் என்று தெரிந்துகொண்டுதான் பெட்டியைக் கட்டுகிறார்கள். கடைசி நாள் முடிவை அன்றைக்கே நெஞ்சில் குத்திய எண்ணை வாசித்து அறிவிக்கிறார்கள்.

பிரேம் மாத்தூர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இந்தியாவில் வணிக விமானியான முதல் பெண். உரிமம் கையில் இருந்தும் எட்டு நிறுவனங்கள் பெண் என்பதால் அவரை மறுத்தன, கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது என்று சொல்வார்கள். 1940களின் கதை. அந்த எட்டு நிறுவனங்களும் செய்தது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் காரணம் வெளியே தெரிந்த அநியாயம். எதிர்த்து வாதாட முடிந்தது, பொய் என்று பறந்து காட்ட முடிந்தது. இன்றைக்கு இந்திய விமானிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல் பெண்கள், உலக சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல். சொல்லப்படாத காரணத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

சொல்லப்படாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு வந்த வதந்தி, என் ஆங்கிலம். நேர்முகம் முடிந்து வெளியே காத்திருந்தபோது, ஒருங்கிணைப்பு வேலையில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "எம்.டி.ஐ.யைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." எம்.டி.ஐ. என்றால் தாய்மொழிச் சாயல். அதற்கும் முடிவுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, தெரியாது. உண்டு என்றால் அதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

விமானத்துறைக்கு ஆங்கிலத் தேர்வு எங்கிருந்து வந்தது? 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் இரண்டு விமானங்கள் மோதியதில் அதைவிடப் பெரிய உயிர்ச்சேதம் இதுவரை இல்லை. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தக் குழுவினரின் ஆங்கிலம் போதாததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு நிலைகள் கொண்ட அளவுகோலை வகுத்து, நான்காம் நிலையாவது இருக்க வேண்டும் என்று 2008இல் கட்டாயமாக்கியது. நம் மண்ணில் சிந்திய ரத்தத்தின் பின்னால் வந்த விதி, அதை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அந்த அளவுகோல் என்ன சொல்கிறது? நான்காம் நிலையில் இருப்பவரின் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கும், சில நேரங்களில் மட்டும்தான் அது புரிதலுக்கு இடைஞ்சலாகும் என்கிறது. உச்சமான ஆறாம் நிலையிலும் சாயல் இருக்கலாம். புரிவதற்கு ஏறக்குறைய ஒருபோதும் தடையாகக் கூடாது, அவ்வளவே. மொத்தத்தில், நான் சொல்வது கட்டுப்பாட்டு டவரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. நான் பயிற்சி எடுத்த மத்தியப் பிரதேசத்தில் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இந்திச் சாயலில் பேசினார்கள், நான் விருதுநகர்ச் சாயலில் பேசினேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தோம். அதற்குத்தானே ரீட்பேக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்?

பயணிகளுக்கு அறிவிப்பு செய்யும் குரல் அழகாக இருக்க வேண்டும் என்பது உங்கள் அளவுகோலாக இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனம், விரும்பியபடி வைக்கலாம். ஆனால் அதை விளம்பரத்தில் போடுங்கள். முன்பே தெரிந்திருந்தால் பயிற்சிக்குக் கட்டிய பணத்துக்கு வேறு படிப்பு படித்திருப்பேன்.

பணம் என்றதும் அதையும் பேசிவிடலாம். சி.பி.எல். முடிக்க அரைக்கோடிக்குக் குறையாது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்தை அடமானம் கேட்கும். எங்கள் பக்கத்தில் சொத்து என்றால் தோப்பு. அப்பாவின் மாந்தோப்பும் சித்தப்பாவின் பங்கும் சேர்ந்து வங்கியில் இருக்கின்றன. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, தெரிந்தேதான் வைத்தார்கள். உரிமம் வாங்கிய பிறகும் செலவு நிற்பதில்லை என்பதைத்தான் வெளியே யாரும் அறிவதில்லை. கருவிகளைக் கொண்டே பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருடம்தோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு இரட்டை எஞ்சின் விமானத்தில் ஏற வேண்டும். மருத்துவச் சான்றும் வருடம்தோறும். நான்காம் நிலை ஆங்கிலச் சான்றுக்கும் காலக்கெடு உண்டு. காத்திருக்கும் காலத்தில் கையும் மறந்துகொண்டே வரும். நீங்கள் ஒரு வரியில் எழுதிய "குறிப்பிட்ட காலம்" எங்கள் வீட்டில் இப்படித்தான் கழிகிறது. எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தால் அந்தப் பணத்தை அதில் போடுவோம். தெரியாததால் எல்லாவற்றிலும் போடுகிறோம். டெல்லி துவாரகாவில் தெருவுக்குத் தெரு கோச்சிங். ஜாய்ஸ்டிக் சோதனைக்குப் பழக யூரோவில் விலை சொல்லும் மென்பொருள். நேர்முகத்துக்குத் தனி வகுப்பு, சிமுலேட்டருக்குத் தனிக் கட்டணம்.

இதைவிட மோசம், தரகர்கள். தேர்வாகாதவர்களின் கைப்பேசி எண் எப்படித்தான் கிடைக்கிறதோ, "உங்க பேர் லிஸ்ட்ல விளிம்புல இருக்கு, உள்ளே ஆள் இருக்கு, பாத்துக்கலாம்" என்று அழைப்பு வந்துவிடும். வேலை வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று விமான நிறுவனங்களே எச்சரிக்கை போடுகின்றன. போட்டால் போதுமா? மதிப்பெண்ணை நீங்கள் கொடுத்துவிட்டால் அந்தத் தரகனுக்கு விற்க என்ன மிஞ்சும்?

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதே, ஞாபகம் இருக்கும். விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியபோது அதற்குத் தகுந்த ஆள் கணக்கு இல்லாமல் போனதுதான் சிக்கல். "பைலட் பத்தலைன்னு பேப்பர்லயே போட்ருக்கானே, உன்னை ஏம்மா எடுக்கல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக விமானி உரிமங்கள் கொடுத்தது. அதே ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இன்னும் 30,000 விமானிகள் வேண்டும் என்று அமைச்சர் பேசுகிறார். அந்தப் பேச்சை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் தோப்பை வைக்கிறோம். உரிமம் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களும், விமானி இல்லாமல் தரையில் நிற்கும் விமானங்களும் ஒரே நாட்டில் இருப்பதற்கு நிஜமான காரணங்கள் இருக்கலாம். சிமுலேட்டர் போதாது, பயிற்சி கேப்டன்கள் போதாது, வரும் பிள்ளைகளின் தரம் போதாது. மூன்றாவதுதான் காரணம் என்றால் அதை எங்களிடம் சொல்லாமல் தரம் எப்படி உயரும்? பயிற்சிப் பள்ளிகளை டி.ஜி.சி.ஏ. 2025இல் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. முதல் பட்டியலில் உச்ச வகுப்பு ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. பள்ளிகளையே பகிரங்கமாகச் சொல்லலாம் என்றால், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை அந்தப் பிள்ளையிடம் மட்டும் தனியாகச் சொல்வதில் என்ன கெட்டுவிடும்?

கேள்விகள் வெளியே போய்விடும் என்பீர்கள். கேள்வியை நான் கேட்கவில்லை. உளவியல் சோதனையின் முடிவைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்பீர்கள். அதில் நியாயம் உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில் மோதவைத்து, தன்னையும் சேர்த்து 150 பேரைக் கொன்ற பிறகு, மனநலத்தை யாரும் ஓரமாக வைத்துவிட முடியாது. ஐரோப்பாவில் விமானி வழக்கமான பயணங்களில் பறக்கத் தொடங்குமுன் உளவியல் மதிப்பீடு கட்டாயமாகிவிட்டது, இங்கேயும் வேண்டும். என்னிடம் அப்படி ஏதாவது கண்டிருந்தால் அதை ஒரு மருத்துவர் மூலமாக என்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் அவசரம் அல்லவா? அதை மறைத்துவிட்டு, அடுத்த நிறுவனத்தில் முயன்று பார் என்று அனுப்புவது எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி?

ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், இட ஒதுக்கீட்டைப் பற்றியும் கேட்கலாம். 2022 ஜனவரி 27 அன்று அது டாடாவிடம் போனபோது அந்தக் கதவும் சேர்ந்து போனது. இப்போது அரசிடம் மிஞ்சியிருப்பது அலையன்ஸ் ஏர் மட்டும். எனவே டி.ஜி.சி.ஏ.வுக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். அவர்கள் நடத்தும் தேர்வில் 70 எடுத்தால் தேர்ச்சி; எடுத்தது 68 என்றால் 68 என்று காட்டுகிறார்கள். நாட்டின் மிகக் கடினமான தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி., தேர்வாகாதவர்களுக்கும் மதிப்பெண் கொடுக்கிறது. அதற்கு மேலும் போய், நேர்முகம் வரை வந்து தவறியவர்கள் சம்மதித்தால் அவர்களுடைய விவரத்தை மற்ற வேலைதருபவர்கள் பார்க்கும்படி பிரதிபா சேது என்ற ஏற்பாட்டில் வைக்கிறது. விமானிகளுக்கு அப்படி ஒன்று இருந்தால், ஒரே ஜாய்ஸ்டிக் சோதனையை நிறுவனத்துக்கு ஒரு முறை என்று கட்டணம் கட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு முறை எழுதியது எல்லாருக்கும் செல்லும்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பழைய ஓடுபாதையில் பறக்கும் பயிற்சிப் பள்ளி கொண்டுவர 2025இல் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம் முயற்சி எடுத்தது. அது வந்தால் ராஜபாளையம், சங்கரன்கோவில், சாத்தூர் பிள்ளைகளுக்கு மத்தியப் பிரதேசம் போகிற செலவு மிச்சம். இப்போதே பிளஸ் ஒன் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்கிறார்கள். இயற்பியலும் கணக்கும் வேண்டும், கண் பார்வையை முதலில் காட்டிவிடுங்கள், இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகு பணத்தைக் கட்டுங்கள் என்று தெரிந்ததைச் சொல்கிறேன். "அக்கா, உங்களை ஏன் எடுக்கல?" என்று அவர்களும் கேட்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் தோப்பை வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது அந்தப் பதிலை வைத்துத்தான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நிறுவனம் தன்னிடம் வைத்திருக்கும் என் தகவலின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையை எனக்குத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, அந்தப் பிரிவு முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது வந்த அன்றைக்கு, ஜாய்ஸ்டிக் சோதனையில் என் கை என்ன செய்தது என்பதும் என் தகவல்தான் என்று எழுதி உங்களுக்கு முதல் விண்ணப்பத்தை அனுப்புவேன். அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல் இப்போதே கொடுத்துவிட்டால் உங்களுக்கும் தாள் மிச்சம், எனக்கும் ஒரு வருடம் மிச்சம்.

எழுத்துத் தேர்வு, கணினிச் சோதனை, குழு வேலை, நேர்முகம். இந்த நான்கிலும் எனக்குக் கிடைத்தது எவ்வளவு, நீங்கள் வைத்த எல்லை எவ்வளவு. எட்டு எண்கள். என் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகும் தேதி விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் அனுப்பிவைத்தால், புதுப்பிக்கப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் எண்ணாக இருக்கும் விண்ணப்பதாரர்,
மம்சாபுரம்.

நகல்: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது டெல்லி.